அன்செல்மோவின் மூக்கு

அன்செல்மோ மாதாவிடம் சத்தியம் செய்துவிட்டார், இனிமேல் பியரைத் தொடமாட்டார் என்ற பேச்சை எனக்குச் சொன்னவள் மட்டி விற்கும் லூச்சா. லூச்சாவுக்குச் சொன்னவர் ஐஸ் லாரி ஓட்டுகிறவர். அவருக்கு யார் சொன்னார்கள் என்று லூச்சாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

"கோயில்ல முட்டி போட்டு, பாதர் கையால சீட்டு வாங்கி பர்ஸ்ல வச்சிருக்காராம். டிசம்பர்ல குவாதலூப்பே மாதா திருநாள் வரைக்கும் ஒரு சொட்டு கிடையாதாம்" என்று சொல்லிக்கொண்டே லூச்சா மட்டிகளைப் பையில் அள்ளிப் போட்டாள். "பியர் காய்ச்சுற மனுஷன் பியர் குடிக்க மாட்டேன்னா எப்படி? நான் மட்டி திங்க மாட்டேன்னு சொன்னா நீங்க எங்கிட்ட வாங்குவீங்களா?"

எங்கள் மெக்சிகோ துறைமுக ஊரான எல் சௌசலில் இப்படிச் சத்தியம் செய்வது புதிதல்ல. எங்கள் தெருவில் வெல்டிங் கடை வைத்திருப்பவர் தவக்காலம் வந்தால் போதும், சத்தியம் செய்துவிடுவார். சத்தியம் செய்தவர் கையில் யாரும் கோப்பையைத் திணிப்பதில்லை. கல்யாண வீட்டில் மைத்துனன்கூட வற்புறுத்த மாட்டான். ஏன் என்று கேட்பதும் இல்லை. அது அவருக்கும் மாதாவுக்கும் நடுவில் உள்ள விஷயம்.

ஆனாலும் எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. ஒரு செய்தி காதில் விழுந்தால் அதன் கடைசிப் படிவரை இறங்கிப் பார்த்துவிடுவேன். காய்ச்சுகிறவர் ருசி பார்க்கவில்லையென்றால் பியர் கெடும். பியர் கெட்டால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் சமையல்காரி தொமாசாவின் அடுப்பு அணையும். இப்படியே போய், மட்டியைக் குளிர்பெட்டியில் வைப்பதற்குள் என் மனதில் 'லா போயா' உணவகம் இழுத்து மூடப்பட்டு அந்த இடத்தில் டயர் கடை வந்துவிட்டது. இத்தனைக்கும் நான் அங்கே வியாழக்கிழமைகளில் மட்டும் சாப்பிடுகிறவள்.

லா போயா எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, துறைமுகச் சுவரை ஒட்டி இருக்கிறது. வாசலில் ஒரு பழைய சிவப்பு மிதவையைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முன்பக்கம் உணவகம், பின்பக்கம் பியர் காய்ச்சும் கொப்பரைகளும் தொட்டிகளும். அதற்கும் முன்னால் அது மத்திமீனை டின்னில் அடைக்கும் கொட்டகையாக இருந்தது. அன்செல்மோ அந்தக் கொட்டகையில் இரண்டு முறை வேலைக்குச் சேர்ந்தவர்.

முதல் முறை மீனுக்காக. படகுகள் சரக்கை இறக்கும் இடத்தில் நின்று ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்து, கெட்டதை ஒதுக்குவது அவர் வேலை. அந்த வேலைக்கென்று அவரை யாரும் எடுக்கவில்லை. மூட்டை தூக்கத்தான் எடுத்தார்கள். ஆனால் போகிற வழியில், "இதுல அடியில ரெண்டு கெட்டுக்கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். திறந்து பார்த்தால் இருக்கும். மேஸ்திரி அவரை மூட்டையிலிருந்து எடுத்து முகர்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்.

மீன் குறைந்து கொட்டகை மூடியபின் அன்செல்மோ குழாய் வேலைக்குப் போனார். வீடுகளில் காஸ் கசிந்தால் மற்றவர்கள் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். இவர் சமையலறை நடுவில் நின்று மெல்லத் திரும்புவார், பிறகு கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் காலத்தில்தான் அவர் மனைவி ஐரீன் பாலைவனத்து ஊரான மெக்சிகாலியில் இருந்த தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. கடல் ஈரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போனில் வெகுநேரம் பேசுவார்கள். பெரும்பாலும் வெயிலைப் பற்றி.

இரண்டாவது முறை பியருக்காக. இன்ஜினியர் சால்தீவர் கொட்டகையை வாங்கித் தொட்டிகளை இறக்கியபோது குழாய் மாட்ட அன்செல்மோவைக் கூப்பிட்டார். குழாய் மாட்டி முடிந்த பிறகும் அன்செல்மோ போகவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. அப்போது பியர் காய்ச்சிக்கொண்டிருந்த திஹுவானாக்காரர் அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனிதர். வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்துப் போகும்போது, "எனக்குப் பதிலா ஆள் தேடாதீங்க, இந்த மூக்கே போதும்" என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்படிக் கொப்பரையின் சாவி அன்செல்மோ கைக்கு வந்தது. மூக்கைத் தவிர அவரிடம் வேறு சான்றிதழ் கிடையாது.

அந்த வியாழக்கிழமை நான் போனபோது மதியச் சாப்பாட்டுக் கூட்டம் நிறைந்திருந்தது. சமையலறை ஜன்னலை ஒட்டிய என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். உள்ளே தொமாசா பெரிய சட்டியில் மட்டிகளைக் கறுப்பு பியர் ஊற்றி வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், எப்போதும்போல, சுண்ணாம்பு நீரில் மக்காச்சோளம் வெந்துகொண்டிருந்தது. லா போயாவில் சோள ரொட்டிக்கான மாவைக் கடையில் வாங்குவதில்லை. வாங்கலாம் என்று இன்ஜினியர் ஒருமுறை சொன்னாராம். "அப்ப சமையலுக்கும் கடையில ஆள் வாங்கிக்குங்க" என்றாளாம் தொமாசா.

தொமாசாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவர் அன்செல்மோ. அன்றிலிருந்து அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கொமாத்ரே. அதுவரை ஒருவரையொருவர் நீ என்றும் வா என்றும் பேசிக்கொண்டிருந்தவர்கள், தேவாலயத்தின் வாசற்படி இறங்கும்போதே 'நீங்க'வுக்கு மாறிவிட்டார்கள். திட்டுவதும்கூட நீங்க போட்டுத்தான்.

"இன்னிக்குப் புதுத் தொட்டி திறந்திருக்கேன், எதிர் வீட்டம்மா. வெளிர் பியர்" என்றார் அன்செல்மோ. ஒல்லியான மனிதர். ரப்பர் பூட்ஸ் போட்டு நடப்பதால் எப்போதும் சேற்றில் நடப்பதுபோல இருக்கும். "நாளைக்கு இன்ஜினியர் லோஸ் காபோஸ்லேர்ந்து ஹோட்டல்காரங்களைக் கூட்டிட்டு வர்றார். பிடிச்சிருந்தா அவங்க ஹோட்டலுக்கு மாசாமாசம் நம்ம பியர்தானாம்."

சொல்லிக்கொண்டே ஒரு கிளாஸில் பிடித்தார். ஆனால் என்னிடம் தரவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். தொமாசா கரண்டியைக் கீழே வைக்காமலே குனிந்து கிளாஸுக்குள் மூக்கை விட்டு, தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் கிளாஸ் என் முன்னால் வந்தது.

"சத்தியம் பண்ணிட்டீங்களாமே?" என்று கேட்டேன்.

"ஊர் சொல்லுது. ஊர் சொல்றப்ப நான் ஒருத்தன் போய் இல்லேன்னு சொல்லிட்டு இருக்கவா?" என்று சிரித்துவிட்டு, மால்ட் மூட்டை இறக்கும் லாரியைப் பார்க்கப் பின்பக்கம் போனார்.

"மாதாவுக்கே தெரியாத சத்தியம்" என்றது ஜன்னல்.

நான் திரும்பிப் பார்த்தேன். தொமாசா ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். பல நாள் உள்ளே வைத்திருந்ததை யாரிடமாவது இறக்கிவிட வேண்டும் என்ற முகம்.

"நீங்க வெளியில சொல்ற ஆள் இல்ல. கவலைப்படற ஆள்தான். அதனால சொல்றேன்" என்றாள்.

செப்டம்பர் கடைசியில் அன்செல்மோவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எழுந்தபோது மூக்கு போய்விட்டிருந்தது. சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளுமே, அப்படி அல்ல. காற்று தாராளமாகப் போய் வந்தது. அதில் எதுவும் இல்லை, அவ்வளவுதான். காபி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடும் என்று காத்திருந்தார். திரும்பவில்லை. தொமாசா கண்டுபிடித்தது தற்செயலாக. பீன்ஸ் அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்த சட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் அமைதியாக மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம்.

"என் பொண்ணோட பதினஞ்சாவது பிறந்தநாள் விருந்துல எல்லாரும் கிளாஸைத் தூக்கறாங்க. ஞானத்தகப்பன் குடிக்கலை. அவர் காய்ச்சின பியர். எப்படி இருக்குன்னு நாலு பேர் கேப்பாங்கன்னு பயம். யாரோ ஒருத்தன், 'என்ன, சத்தியமா?'ன்னான். இவர் தலையை ஆட்டிட்டார். முடிஞ்சுது. அன்னிக்கு ராத்திரியே அவர் பர்ஸ்ல ஒரு சீட்டு இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்லாத சீட்டு."

"இன்ஜினியருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இவர் இங்க இருப்பாரா?" என்றாள் தொமாசா. "அவர் கெட்டவர் இல்ல. அதுதான் தொந்தரவு. பார்ல இருந்த ஏமிலியோவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்ப என்ன பண்ணார்? கட்டிப்பிடிச்சார், கண்ணு கலங்கினார், வீட்டுக்கு அனுப்பிட்டார். என் கொம்பாத்ரே அந்தக் கட்டிப்பிடிக்கறதுக்குத்தான் பயப்படறார்."

அதனால் இருவரும் சேர்ந்து ஒரு வழி செய்திருந்தார்கள். காலையில் மேசைகளைத் துடைத்து முடித்ததும் அன்செல்மோ ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வருவார். தொமாசா முகர்ந்து சொல்வாள். எது எதைச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். வெண்ணெய் வாசனை, பச்சை ஆப்பிள் தோல், ஈர அட்டை, தீக்குச்சி. ஒருமுறை, "என் பையனோட புட்பால் ஷூ" என்றாளாம். அன்செல்மோ உடனே போய் அந்தக் குழாயைக் கழற்றிக் கழுவினார். கழுவியபின் சரியாகிவிட்டது.

"அது வரைக்கும் பரவாயில்ல. மாதா பேரைச் சொல்லி ஒளிஞ்சுக்கறதுதான் எனக்குப் பிடிக்கல. அவங்க கவனிச்சிட்டுதான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மட்டிச் சட்டியிடம் திரும்பிப் போனாள்.

நான் கிளாஸை எடுத்தேன். குளிர்ந்த, லேசான பியர். குடிக்க இதமாக இருந்தது. வெந்த சோளத்தின் மணம் வந்தது. ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் சமையலறையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து மேசையில் துறைமுகத்துக் கிரேன்காரர்கள் இரண்டாவது சுற்றுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். எனக்குச் சற்று நிம்மதியாகவே இருந்தது. மனதுக்குள் டயர் கடையை அப்புறப்படுத்தினேன்.

அப்போதுதான் உபால்தோ வந்தார். மேட்டுத் தெருவில் அவருக்கென்று சொந்தமாக ஒரு சின்ன பியர் ஆலை இருக்கிறது. மத்திமீன் காலத்திலிருந்தே அன்செல்மோவுக்குச் சிநேகிதர். பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் இங்கே தீர்ந்தால் அங்கே கேட்பார்கள், அங்கே தீர்ந்தால் இங்கே. அன்று ஒரு பை ஹாப்ஸ் கேட்டு வந்திருந்தார். வந்த கையோடு புது பியர் ஒன்றை வாங்கி நின்றபடியே ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"ஏண்டா அன்செல்மோ, எப்பேர்ந்து சோளத் தமால் விக்க ஆரம்பிச்ச?"

பின்பக்கத்திலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்த அன்செல்மோ, "என்னடா சொல்ற?" என்றார்.

"இதுக்குள்ள ஒரு சோளக்கதிர் வெந்துட்டிருக்கு. கொஞ்சம் மிளகாப்பொடி தூவி எலுமிச்சம்பழம் தேச்சா, பீச்சுல தள்ளுவண்டி போட்டுடலாம்."

கிரேன்காரர்கள் சிரித்தார்கள். அன்செல்மோவும் சிரித்தார், கொஞ்சம் தாமதித்து.

"கிச்சன்ல சோளம் வேகுதுடா. அந்த வாசனை."

"கிச்சன் வாசனை கிச்சன்ல இருக்கும். இது கிளாஸ்ல இருக்கு." உபால்தோ கிளாஸை நீட்டினார். "நீயே பாரு."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்னு ஊரெல்லாம் தெரியுமே. உனக்குத் தெரியாதா?"

"சத்தியம் வாய்க்குத்தானே. மூக்குக்கு மாதா ஒண்ணும் தடை போடலையே. மோந்து பாரு."

அன்செல்மோ கிளாஸை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். மீன் பெட்டிகளுக்கு மேலும் சமையலறைகளின் நடுவிலும் நின்றதுபோலவே நின்றார். கண்களைக்கூட மூடிக்கொண்டார். வெளியே ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"சரியாத்தானே இருக்கு" என்றார்.

உபால்தோவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கிளாஸைத் திரும்ப வாங்கி மெதுவாக மேசைமேல் வைத்தார். பிறகு, கிரேன்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எப்பேர்ந்துடா?" என்று கேட்டார்.

அன்செல்மோ சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். உபால்தோ பின்னால் போனார். ஜன்னல் திறந்திருந்ததால் நான் இருந்த இடத்திலிருந்தே எல்லாம் கேட்டது.

"கொமாத்ரே, இந்தத் தொட்டியை மோந்தப்பல்லாம் எப்படி இருக்குன்னு சொன்னீங்க?"

"நல்லாருக்குன்னேன். இன்னிக்கும் அதுதான் சொன்னேன்."

"நல்லாருக்குன்னா, எதை மாதிரி நல்லாருக்கு?"

தொமாசா யோசித்தாள். "இப்பதான் மூடியைத் திறந்த சோளப்பானை மாதிரி. இதமா, லேசா தித்திப்பா."

அன்செல்மோ அங்கிருந்த வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கெட்ட வாசனை வந்தாதானே சொல்லச் சொன்னீங்க? வெண்ணெய் வந்தா சொல்லுங்க, பச்சை ஆப்பிள் வந்தா சொல்லுங்க, ஈர அட்டை வந்தா சொல்லுங்க. எல்லாம் சொன்னேனா இல்லையா? சோளம் எப்பலேர்ந்து கொம்பாத்ரே கெட்ட வாசனை ஆச்சு?"

 அடுப்பில் சோளம் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் விடியற்காலையில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் வருகிற வாசனை அது. பிள்ளைகள் எழுந்துகொள்வதே அந்த வாசனைக்குத்தான். அதைக் கெட்டது என்று சொல்ல தொமாசாவுக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. சொல்லிக் கொடுத்தவருக்கும் அல்லவா தோன்றாமல் போயிற்று.

"நீங்க தப்புப் பண்ணல. பியர்ல சோள வாசனை வந்தா தப்புன்னு நான்தான் சொல்லாம விட்டுட்டேன்" என்றார் அன்செல்மோ கடைசியில். "அது கிளாஸ் வரைக்கும் வந்ததே இல்ல. கொப்பரையில கொதிக்கிறப்பவே ஆவியோட வெளியில போயிடும். அது நிக்கிற வரைக்கும் நான் மேல நின்னு மோந்துட்டு இருப்பேன். நின்னதும் நெருப்பை நிறுத்துவேன்."

"இந்தத் தடவை?" என்று கேட்டார் உபால்தோ.

"இந்தத் தடவை சாந்தா ஆனா காத்து அடிச்சுதே."

அக்டோபரில் அந்தக் காற்று வீசிய நாள் எனக்கும் நினைவிருந்தது. பாலைவனத்திலிருந்து புழுதியை வாரிக்கொண்டு கடலை நோக்கி வரும். கதவிடுக்கில் ஈரத்துணி செருகி வைத்தும் தட்டில் மண் நெறுநெறுக்கும். பழைய கொட்டகை, கூரையெல்லாம் இடுக்கு. பியரில் மண் விழுந்துவிடக் கூடாதே என்று அன்செல்மோ கொப்பரையின் மூடியை மூடிவிட்டார். மற்ற வருடமாக இருந்தால் மூடியைச் சற்றே தூக்கி முகர்ந்து பார்த்து, புழுதி விழுந்தாலும் பரவாயில்லை என்று திறந்திருப்பார். அன்றும் பழக்கத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாசனையும் வரவில்லை. ஒன்றுமில்லை என்று மறுபடி மூடிவிட்டார். போக வேண்டிய ஆவியெல்லாம் மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே சொட்டியது.

இந்த நேரத்தில் கிரேன்காரர்களின் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தச் சோள பியர்ல இன்னும் நாலு கொடுங்க." பரிமாறும் பெண் எந்த பியர் என்று கேட்கவே இல்லை. பெயர் நிலைத்துவிட்டது.

தொமாசாவின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? நாலு. அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. மீன் டாக்கோவோட நல்லாத்தான் போகுது. இதுல என்ன குத்தம்?"

உபால்தோவும் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அவ சொல்றதுல விஷயம் இருக்குடா. நாளைக்கு இன்ஜினியர் வந்தா, வேணும்னுதான் இப்படிக் காய்ச்சினேன்னு சொல்லு. மெக்சிகோ மண்ணு, மெக்சிகோ சோளம்னு ஹோட்டல்காரங்க மயங்கிடுவாங்க. டூரிஸ்டுக்கு வேற என்ன வேணும்? நான் வாயைத் திறக்க மாட்டேன். இப்ப பண்ண கிண்டலுக்கு, பொறாமையில பேசிட்டேன்னு நானே ஊர் பூரா சொல்றேன்."

"நீ பொறாமைப்பட்டேன்னா ஊர் உடனே நம்பும்" என்றார் அன்செல்மோ.

"நம்பட்டும். உனக்காகச் சொல்றேன்."

அன்செல்மோ வெங்காய மூட்டையிலிருந்து எழவில்லை. ரப்பர் பூட்ஸின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, பிடிச்சுப்போச்சுன்னு வை" என்றார். "இதே மாதிரி மாசாமாசம் அனுப்புங்கன்னு சொல்லிட்டாங்கன்னு வை. எதே மாதிரி? எதைப் பிடிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. அடுத்த தடவை கூடிப்போச்சா குறைஞ்சுபோச்சான்னு தெரியாது. காத்து அடிக்கிற அன்னிக்கெல்லாம் மூடியைப் போட்டுட்டு வேண்டிக்கவா? அப்படிப் பண்ற வேலைக்குப் பேரு காய்ச்சறது இல்லடா."

"நான் மோந்து சொல்றேனே" என்றாள் தொமாசா. "இப்ப சோளமும் தெரிஞ்சுபோச்சு. இனி சொல்லிடுவேன்."

"சொல்லுவீங்க. ஆனா இங்க நின்னுட்டு சொல்லக் கூடாது. உங்க பின்னாடி எப்பவும் சோளம் வேகுது. அதை யோசிச்சேனா நான்? நீங்க கொப்பரைக்கு மேல வந்து நின்னு சொல்லணும். அப்ப இன்ஜினியர், சமையல்காரி அங்க ஏன் நிக்கிறான்னு கேப்பார். நான் என்ன சொல்றது? அவங்களும் சத்தியம் பண்ணியிருக்காங்கன்னா?"

தொமாசா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"அனுப்பிட்டார்னா?" என்று கேட்டாள்.

"அனுப்பினா மெக்சிகாலி போறேன். ஐரீன்கிட்ட வெயிலைப் பத்தி நேர்லயே பேசிக்கறேன்." சொல்லிவிட்டு மூட்டையிலிருந்து எழுந்தார். "போறதுக்கு எனக்கு மனசில்ல, கொமாத்ரே. அந்தக் கொப்பரையை இன்னும் காதால கேக்க முடியுது. கையால தெரியுது. மூக்கு மட்டும்தான் உங்ககிட்ட இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள்தான். ஒரு வேலையை ரெண்டு பேருக்குக் கொடுங்கன்னு கேக்கப்போறேன். கொடுத்தா கொடுக்கட்டும்."

"கட்டிப்பிடிச்சுட்டார்னா?" என்றார் உபால்தோ.

"போன்ல எப்படிடா கட்டிப்பிடிப்பார்? அதுக்குத்தான் இப்பவே பேசறேன். நாளைக்கு ஹோட்டல்காரங்களோட வந்து நின்னப்புறம் சொன்னா நல்லா இருக்காது."

அவர் வெளியே வந்தார். பாரில் வரிசையாக இருந்த குழாய்களில் புதியதின் கைப்பிடியைப் பின்பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், தீர்ந்துவிட்டது. பரிமாறும் பெண்ணிடம், "அந்த நாலு பேருக்கும் கறுப்பு பியர் கொடும்மா, வெளிர் இல்லேன்னு சொல்லிடு" என்றார். கிரேன்காரர்கள் முணுமுணுத்தார்கள். "இப்பதானே திறந்தீங்க? அதுக்குள்ள யார் குடிச்சுத் தீர்த்தது? நீங்கதான் சத்தியம் பண்ணிட்டீங்களே" என்றார் ஒருவர். அன்செல்மோ சிரித்துக்கொண்டே கையை உயர்த்திவிட்டு நடந்தார்.

பின்பக்கம் சரக்கு இறக்கும் கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் துறைமுகச் சுவர், அதற்கும் அப்பால் மூடுபனி கலையாத கடல். அன்செல்மோ ஒரு காலி பீப்பாயின்மேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். காதில் வைத்துப் பேசுவது அவருக்கு எப்போதும் பிடிக்காது. தொமாசா கையைக் கழுவி, ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். உபால்தோ கதவோரமாக, போகலாமா இருக்கலாமா என்று தெரியாதவர்போல, கேட்டு வந்த ஹாப்ஸ் பையை அங்கிருந்த அடுக்கிலிருந்து எடுத்து அணைத்துக்கொண்டு நின்றார். சாப்பிட்ட தட்டை உள்ளே கொடுக்கும் சாக்கில் நானும் அங்கே போயிருந்தேன். போகச் சொன்னால் போய்விடலாம் என்றுதான் நின்றேன். யாரும் சொல்லவில்லை.

"முதல்ல என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள் தொமாசா.

"மூக்கு போயிடுச்சுன்னு சொல்லணும். அப்புறம் தொட்டி. அப்புறம் நீங்க."

"இல்ல. சத்தியம் எதுவும் பண்ணலைன்னு முதல்ல சொல்லுங்க. மாதாவை இதுலேர்ந்து முதல்ல விட்டுடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அன்செல்மோ தலையை ஆட்டினார். ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். 'இன்ஜினியர், நான் சத்தியம் எதுவும் பண்ணலை.' பிறகு எண்ணைத் தொட்டார்.

போனில் மணி அடித்தது. இன்ஜினியர் தான் வசிக்கும் திஹுவானாவிலிருந்து இந்நேரம் கிளம்பியிருக்கலாம். மலைச்சரிவை ஒட்டிய அந்தச் சாலையில் சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. அல்லது ஹோட்டல்காரர்களை அழைத்துவர அங்கேயே விமான நிலையத்தில் நின்றுகொண்டிருக்கலாம். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கிரேன்காரர்கள் எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள்.

"சோளத்தை இறக்கணும்" என்றாள் தொமாசா, நகராமல்.

அன்செல்மோ பீப்பாயின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றிக்கொண்டு, கொப்பரைக்கு மேல் நிற்பதுபோலவே, போனுக்கு மேல் குனிந்து நின்றார். மணி மறுபடி அடித்தது.